மெட்ரோ ஈதர்நெட்டா, எம்பிஎல்எஸ்ஸா? திருப்பூர், பல்லடம், பெருந்துறை, கோவை யூனிட்டுகளை இணைக்க எது சரி?

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கங்க. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க், சர்வர், கேமரா, போன் எல்லாம் என் பொறுப்பு. உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான். தலைமை அலுவலகமும் தையல் யூனிட்டும் திருப்பூரில், நிட்டிங் பல்லடத்தில், பிராசஸிங் பெருந்துறை சிப்காட்டில். மெர்ச்சண்டைசிங், டிசைன் ஆட்கள் கோவை அவினாசி ரோட்டில் இருக்கிறார்கள். ஷிப்பிங் வேலைக்குத் தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆபீஸ்.

இப்போது ஐந்து இடத்துக்கும் எம்பிஎல்எஸ் (சேவை நிறுவனமே வழிகாட்டும் தனி நெட்வொர்க்), இடத்துக்கு 10 எம்பிபிஎஸ். அது போனால் பிராட்பேண்டில் ஐபிசெக் டன்னல் (இன்டர்நெட் வழியாகக் குறியாக்கத்தோடு போகும் இணைப்பு). இஆர்பி (கணக்கு, ஸ்டாக், ஆர்டர் பார்க்கும் மென்பொருள்) எப்படியோ ஓடிவிடுகிறது. கோவையில் இருந்து திருப்பூர் சர்வரில் இருக்கும் பேட்டர்ன், மார்க்கர் (துணி வெட்டுவதற்கான வரைபடங்கள்) ஃபைல்களைத் திறப்பதுதான் பெரும்பாடு. ஃபோல்டரைத் திறந்தாலே சுற்றிக்கொண்டு நிற்கிறது. டிசைன் ஆட்கள் அலுத்துப்போய் பென் டிரைவில் கொடுத்து அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது கட்டும் தொகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், தூத்துக்குடி தவிர மற்ற நாலு இடத்துக்கும் 100 எம்பிபிஎஸ் மெட்ரோ ஈதர்நெட் (ஒரு வட்டாரத்து இடங்களை ஈதர்நெட்டாகவே இணைக்கும் சேவை) தருவதாக ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. "எல்லா யூனிட்டும் ஒரே ஸ்விட்ச்சில் மாட்டின மாதிரி இருக்கும், ரூட்டரே வேண்டாம்" என்கிறார் விற்பனைக்கு வந்தவர். முதலாளிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய்விட்டது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. லீஸ்டு லைன், எம்பிஎல்எஸ் போன்ற வான் (WAN, ஊர் விட்டு ஊர் இணைக்கும் நெட்வொர்க்) தொழில்நுட்பங்களுக்கும் இதற்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? எதை நம்பி மாறலாம்?

கண்ணாடி இழை (கோவை)

தம்பி, உறுத்தியது நல்லதுக்குத்தான். ரூட்டர் விஷயத்தைப் பின்னால் பார்ப்போம், முதலில் வித்தியாசம்.

மெட்ரோ ஈதர்நெட்டும் வான் தான். ஊர் விட்டு ஊர், அடுத்தவருடைய கேபிளில் உங்கள் தரவு போகிறதென்றால் அது வான். நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள்: முதலாவது வெறும் கம்பி, இரண்டாவது ஈதர்நெட் ஃபிரேம் (தரவுப் பொட்டலம்), மூன்றாவது ஐபி. எந்த அடுக்கில் உங்கள் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பழைய லீஸ்டு லைன் வெறும் பைப். இரண்டு முனைக்கு நடுவில் நேரப்பங்கு ஒதுக்கி வைத்துவிடுவார்கள், நீங்கள் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது உங்களுடையது. இப்போது உங்களிடம் இருக்கும் எம்பிஎல்எஸ் மூன்றாம் அடுக்கு. சேவை நிறுவனத்தின் ரூட்டர் உங்கள் ஐபி முகவரிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு வழி காட்டுகிறது (ஆர்எஃப்சி 4364 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் முறை, 2006). மெட்ரோ ஈதர்நெட் இரண்டாம் அடுக்கு. உங்கள் ஃபிரேமை வாங்கி, மேலே அவர்களுடைய ஒரு டேக் போட்டு, அடுத்த முனையில் டேக்கைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஐபி இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கு ஆகும் பணம் ஏன் குறைகிறது என்று முதலாளி கேட்டால் இதைச் சொல்லுங்கள். இ1 என்ற பழைய லீஸ்டு லைன் 2.048 எம்பிபிஎஸ். போதவில்லை என்றால் இன்னொன்று, அதுவும் போதவில்லை என்றால் இன்னொன்று என்று கட்டிக்கொண்டே போக வேண்டும். மேலே இருக்கும் பெரிய படிகளில் ஒன்று எஸ்டிஎம்-1, 155.52 எம்பிபிஎஸ். படி ஏறும்போதெல்லாம் ரூட்டரில் கார்டு மாறும், அந்தக் கார்டு விலை சாதாரணமாக இருக்காது. ஈதர்நெட்டில் ஒரு ஜிகாபிட் போர்ட்டை ஒருமுறை மாட்டிவிட்டால் போதும். 10 வேண்டுமா, 30 வேண்டுமா, 100 வேண்டுமா, அவர்கள் பக்கம் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. நம் கடையில் வாங்கும் ஸ்விட்ச்சில் இருக்கும் அதே போர்ட், அதே எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்டும் சின்ன மாட்யூல்). உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் செய்யப்படும் பொருள் என்பதால் மலிவு.

ஃபிரேம் ரிலே என்ற பழைய வான் சேவையைப் பார்த்த ஆட்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அங்கே டிஎல்சிஐ எண் போட்டு ஒரு மெய்நிகர் இணைப்பு இருந்தது, உறுதியளிக்கப்பட்ட வேகம் என்று சிஐஆர் இருந்தது. இங்கே ஈவிசி என்ற பெயரில் அதே மெய்நிகர் இணைப்பு, அதே சிஐஆர். 2001இல் தொடங்கிய மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் இதற்கெல்லாம் பெயரும் அளவும் வகுத்தது. இரண்டு முனையை மட்டும் இணைத்தால் இ-லைன். பல முனைகளை எல்லோரோடும் எல்லோரையும் இணைத்தால் இ-லேன். ஒரு தலைமை முனையோடு மட்டும் மற்றவை பேசி, தங்களுக்குள் பேசாமல் இருந்தால் இ-ட்ரீ. உங்களுக்கு வந்த ஆள் விற்பது இ-லேன்.

நூல்கண்டு (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்க அண்ணா. அப்படியானால் இ-லேன் எடுத்தால் பல்லடத்து கம்ப்யூட்டருக்கும் திருப்பூர் டிஹெச்சிபி சர்வரே ஐபி கொடுத்துவிடுமா? விற்பனை ஆள் அதைத்தான் பெரிய வசதியாகச் சொன்னார்.

பவானிக்கூடல் (ஈரோடு)

கொடுத்துவிடும். அந்த வசதிக்காகவே அதைச் செய்யக் கூடாது.

எங்கள் குழுமத்தில் மூன்று மில், ஒரு கிடங்கு. முதலில் நீங்கள் சொல்வது போலவே எல்லாம் ஒரே லேன் என்று இ-லேனில் விரித்து வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் கிடங்கில் மேசையை இடம் மாற்றினார்கள். ஐபி போனில் பின்னால் இரண்டு ஓட்டை இருக்கும் இல்லையா, ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. மேசை நகர்த்திய பையன் இரண்டு வயரையும் சுவரிலேயே சொருகிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரி வயர், சுவரிலும் இரண்டு ஓட்டை இருந்தது.

அந்த ஸ்விட்ச்சில் லூப் தடுப்பு போட்டிருக்கவில்லை. பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்ற ஆரம்பித்தது. ஐபி பேக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது, யாராவது வயரைப் பிடுங்கும் வரை சுற்றும். கிடங்கில் தொடங்கிய புயல் இ-லேன் வழியாக மூன்று மில்லுக்கும் போனது. சர்வர் அறைக்குள் போனால் ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் ஒட்டுக்கா விட்டு விட்டு எரிகிறது, வழக்கமாக ஒவ்வொன்றும் தன் போக்கில் மினுக்கும். போன் எல்லாம் ரிஜிஸ்டர் ஆக முயன்று முயன்று நிற்கிறது. நாலு இடமும் ஒரே நேரத்தில் படுத்ததால் எங்கே கோளாறு என்று தேடவே இடமில்லை. லைன் கொடுத்த நிறுவனத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர்கள் லைன் அருமையாக வேலை செய்தது. அதனால்தான் புயலும் முழு வேகத்தில் போய்ச் சேர்ந்தது.

அதற்கு அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எல்3 ஸ்விட்ச் (ரூட்டர் வேலையும் செய்யும் ஸ்விட்ச்) வைத்தோம். இடத்துக்கு ஒரு தனி சப்நெட் (ஐபி முகவரிக் குழு), நடுவில் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை). இப்போது அந்த இ-லேனில் தெரிவது நான்கே நான்கு மேக் முகவரி (இடத்துக்கு ஒரு ஸ்விட்ச்சினுடையது). நீங்களும் அப்படி வைத்தால், பல்லடத்தில் எவன் எந்த வயரை எங்கே சொருகினாலும் பல்லடம் மட்டும்தான் படுக்கும். மெட்ரோ ஈதர்நெட்டை எடுங்கள், தாராளமாக எடுங்கள். ஆனால் லேனை நீட்டாதீர்கள். அதை ஒரு பைப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் உங்கள் ரூட்டரை நிறுத்துங்கள்.

கரூர் தறி (கரூர்)

பவானிக்கூடல் சொன்ன சம்பவம் அப்படியே உண்மை, நானும் இரண்டு கம்பெனியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதிலிருந்து நான் போகும் முடிவு வேறு. ரூட்டர் வைத்து ஓஎஸ்பிஎஃப் ஓட்டத்தான் வேண்டும் என்றால், அந்த வேலையை ஏன் நாம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? எம்பிஎல்எஸ்ஸில் சேவை நிறுவனமே ரூட்டிங் பார்க்கிறது. நூல்கண்டு தம்பியிடம் ஒரு உதவிப் பையன்தான் இருக்கிறான். ஆயுத பூஜை லீவில் தம்பி ஊருக்குப் போயிருக்கும்போது ஓஎஸ்பிஎஃப் நெய்பர் (அடுத்த ரூட்டரோடு இருக்கும் தொடர்பு) விழுந்தால் யார் பார்ப்பது?

நாங்கள் வீட்டு உபயோகத் துணி செய்கிறோம். ஷோரூம், கிடங்கு எல்லாம் டெல்லி, மும்பை என்று பரவிக் கிடக்கின்றன. இருபது இடம் வரும்போது எம்பிஎல்எஸ்ஸில் புதிய இடத்தைச் சேர்ப்பது ஒரு படிவம் நிரப்புகிற வேலை. வாய்ஸுக்குத் தனி வகுப்பு, இஆர்பிக்குத் தனி வகுப்பு என்று முன்னுரிமையும் முனைக்கு முனை தெளிவாக இருக்கிறது. நாடு முழுக்க இ-லேன் விரித்து, இருபது ரூட்டரும் ஒன்றோடொன்று பேசி, அதில் ஒன்று தடுமாறினால் எல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காரும்.

பவானிக்கூடல் (ஈரோடு)

அக்கா, உங்கள் இருபது இடத்துக்கு எம்பிஎல்எஸ் சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நாலு இடத்துக்கு ஓஎஸ்பிஎஃப் என்பது இருபது வரி கான்ஃபிகரேஷன், ஒருமுறை போட்டால் கிடக்கும். எம்பிஎல்எஸ்ஸில் ஒரு புதிய சப்நெட் சேர்க்க வேண்டுமென்றால் டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் எடுங்கள்.

கரூர் தறி (கரூர்)

எடுத்தேன். எடுத்த பிறகும் ஆள் இல்லாத இடத்தில் நான் எம்பிஎல்எஸ் பக்கம்தான். தம்பி மாறுவதென்றால் முதலில் அந்த உதவிப் பையனுக்கு ரூட்டிங் சொல்லிக்கொடுக்கட்டும். இதை ஒரு செலவாக எழுதி முதலாளியிடம் காட்டட்டும்.

ஏற்காட்டு எலுமிச்சை (சேலம்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பிராட்பேண்ட் போட்டு மேலே எஸ்டி-வான் பெட்டி வைத்தால் இதெல்லாம் தேவையா?

கண்ணாடி இழை (கோவை)

எஸ்டி-வான் என்பது மேலே ஓடும் அடுக்கு. கீழே ஏதோ ஒரு லைன் வேண்டும். அந்த லைன் பிராட்பேண்டாக இருந்தால் பேக்கெட் தொலைவதற்கும் தாமதத்துக்கும் யாரும் உறுதி தர மாட்டார்கள். பெட்டி என்ன செய்யும் என்றால், இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதற்கு மாற்றும். இரண்டும் சாயங்காலம் நெரிசலில் இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பில்லிங், மெயில் மட்டும் போதும் என்கிற கிளைகளுக்கு நல்ல தீர்வு. அதே பெட்டி மெட்ரோ ஈதர்நெட்டின் மேலும் ஓடும், எதிரெதிர் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நூல்கண்டுக்கு மெட்ரோ முதல் லைன், பிராட்பேண்ட் இரண்டாம் லைன் என்று வைத்து மேலே எஸ்டி-வான் ஓட்டினாலும் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது தம்பியின் ஃபோல்டர் பிரச்சினைக்கு வருகிறேன். அதில்தான் மெட்ரோவின் முழுப் பலன் இருக்கிறது.

ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். அதாவது ஒரு கி.மீ.க்கு 5 மைக்ரோ செகண்ட். கோவைக்கும் திருப்பூருக்கும் 50 கி.மீ. என்று வைத்தால் போய்வர அரை மில்லி செகண்ட். நடுவில் ஸ்விட்ச்சுகள், வளைந்து போகும் கேபிள் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றிரண்டு மில்லி செகண்டில் முடிந்துவிட வேண்டும். ஆனால் பல எம்பிஎல்எஸ் நெட்வொர்க்குகளில் கோவை முனை ஒரு பெரிய ரூட்டரிலும் திருப்பூர் முனை இன்னொன்றிலும் இருந்து, இரண்டும் சந்திக்கிற இடம் சென்னையாகவோ பெங்களூராகவோ இருக்கும். அவினாசி ரோட்டில் இருந்து திருப்பூருக்குப் போக வேண்டிய பேக்கெட் சென்னை போய்த் திரும்புகிறது. போகும்போது ஆயிரம் கி.மீ., பதில் வரும்போது ஆயிரம் கி.மீ., கேபிளிலேயே 10 மில்லி செகண்ட் போய்விட்டது. உள்ளே இருக்கும் படிகளை எம்பிஎல்எஸ் மறைத்துவிடலாம், அதனால் டிரேஸ்ரூட்டில் தெரியாமல் இருக்கும். பிங் காட்டிக்கொடுத்துவிடும். கோவையில் இருந்து திருப்பூர் சர்வருக்கு எவ்வளவு வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

நூல்கண்டு (திருப்பூர்)

பார்த்தேன் அண்ணா. ஆள் வராத காலை நேரத்திலேயே 14க்குக் குறைவதில்லை. மதியம் 60, 70 என்று ஏறுகிறது.

கண்ணாடி இழை (கோவை)

காலையில் வருகிற 14 பெரும்பாலும் தூரம். மதியம் ஏறுவது 10 எம்பிபிஎஸ் நிரம்பி வரிசையில் நிற்பது. இரண்டும் தனித்தனி நோய்.

விண்டோஸ் ஷேரில் ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது கம்ப்யூட்டரும் சர்வரும் கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போய்வருகின்றன. ஃபைல் நிறைய இருந்து, கேட் (CAD) மென்பொருள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தால் ஆயிரம் தடவை போய்வருவது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் 14 மில்லி செகண்ட் என்றால் 14 நொடி சும்மா காத்திருப்பு. லைனை 1000 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் அந்த 14 நொடி குறையாது. போய்வரும் நேரம் 2 ஆனால் 2 நொடி. அப்புறம் ஃபைலை இழுக்கும் நேரம். 200 மெகாபைட் என்றால் 1600 மெகாபிட், 10 எம்பிபிஎஸ்ஸில் 160 நொடி, 100இல் 16 நொடி. மெட்ரோவில் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கிடைக்கிறது.

ஆனால் ஒன்று. மெட்ரோ என்று பெயர் வைத்துவிட்டு அவர்களும் சென்னை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தால் பலன் பாதி போச்சு. கோவை–திருப்பூர் போய்வரும் நேரம் இத்தனை மில்லி செகண்டுக்குள் என்று எஸ்எல்ஏவில் (சேவைத் தர ஒப்பந்தத்தில்) எண் போட்டு எழுதி வாங்குங்கள்.

தூத்துக்குடி அவர்கள் பட்டியலில் இல்லாததும் சரிதான். 300 கி.மீ.க்கு மேல், மெட்ரோ எல்லைக்குள் வராது. யாராவது அங்கேயும் ஈதர்நெட் தருகிறேன் என்றால் உள்ளே எம்பிஎல்எஸ் சூடோவயர் (எம்பிஎல்எஸ் மேல் ஈதர்நெட்டைச் சுமக்கும் மெய்நிகர் வயர்) போட்டுத்தான் தருவார்கள். அது தவறில்லை, விபிஎல்எஸ் என்று 2007லேயே ஆர்எஃப்சி 4762 வந்துவிட்டது. பெரிய நிறுவனங்களின் மெட்ரோ ஈதர்நெட் உள்ளேயும் பல இடங்களில் ஓடுவது எம்பிஎல்எஸ்தான். ஷிப்பிங் பில் போடும் சின்ன ஆபீஸுக்கு இப்போது இருப்பதையே விட்டுவிடலாம், அல்லது இன்டர்நெட் ஐபிசெக் போதும்.

ஸ்ப்ளைஸ் கூடாரம் (அவினாசி)

நான் கேபிள் பக்கம் வேலை பார்க்கிறவன். அடுக்கு, நெறிமுறை எல்லாம் நீங்கள் பேசியது சரி. லைன் படுப்பது பெரும்பாலும் அங்கே இல்லைங்க, மண்ணுக்குள்ளே.

சாக்கடை தோண்ட, குடிநீர்க் குழாய் போட, ரோடு அகலப்படுத்த ஜேசிபி வரும். மஞ்சள் எச்சரிக்கை நாடா தெரிவதற்குள் பக்கெட் கேபிளை இழுத்துவிடும். இழுத்தால் வெட்டின இடத்தில் மட்டும் போகாது, இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் உள்ளே நார் ஒடிந்திருக்கும். எங்களுக்கு டிக்கெட் வந்ததும் பிஓபியில் (நிறுவனத்தின் இணைப்பு நிலையத்தில்) ஓடிடிஆர் (ஒளி அனுப்பி உடைப்பின் தூரம் அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்போம், 7.4 கி.மீ.யில் உடைப்பு என்று காட்டும். அது நார் நீளம், ரோட்டு நீளம் கிடையாது. ஒவ்வொரு சேம்பரிலும் (மண்ணுக்குள் இருக்கும் கேபிள் தொட்டியிலும்) பத்து, இருபது மீட்டர் சுருட்டி வைத்திருப்போம், அதையெல்லாம் கழித்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். கழிக்கத் தெரியாத ஆள் போனால் அரை கிலோமீட்டர் தள்ளி நின்று தேடுவான். இடம் கிடைத்ததும் கேபிளைச் சீவி, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்து ஒவ்வொரு நாராகச் சேர்க்க வேண்டும். மழை பெய்தால் மேலே கூடாரம். தூசியோ ஈரமோ பட்டால் ஸ்ப்ளைஸ் மெஷின் ஏற்காது, மறுபடி வெட்டி மறுபடி சேர்க்க வேண்டும். முதலில் எந்த நார் சேர வேண்டும் என்று பட்டியல் இருக்கும். அதில் உங்கள் லைன் எத்தனையாவது என்பது நீங்கள் வாங்கிய எஸ்எல்ஏவைப் பொறுத்தது.

தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல 2023இல் மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலி கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்தும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இரவில் வந்து தோண்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் தம்பி, விற்பனை ஆள் "எங்களுடையது ரிங்" என்று சொல்வார். ரிங் இருந்தால் நல்லதுதான், ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் 50 மில்லி செகண்டுக்குள் அடுத்த பக்கம் திரும்பிவிடும் என்பது ஜி.8032 என்ற தரநிலை கொண்டு செய்யக்கூடியதுதான். எஸ்டிஎச் (எஸ்டிஎம் லைன்கள் ஓடிய பழைய முறை) காலத்தில் இருந்த அதே பாதுகாப்பு. ஆனால் ரிங் எதுவரை? அவர்கள் பிஓபி வரைக்கும். பிஓபியில் இருந்து உங்கள் கேட் வரை ஒற்றைக் கேபிள். வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டுதான். வரைபடத்தைக் கேளுங்கள், கூகுள் எர்த்தில் திறக்கும் கேஎம்ஜெட் ஃபைலாகவே கேளுங்கள். உங்கள் ஊர் அமைப்பு ரிங்குக்கு ஏற்றது: திருப்பூர், அவினாசி, கோவை, சூலூர், பல்லடம், திரும்பத் திருப்பூர். மூன்று இடம் அந்த வளையத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பெருந்துறைதான் தனி வால். போகும்போது பெருமாநல்லூர் வழியாக நேஷனல் ஹைவே, வரும்போது ஊத்துக்குளி என்று இரண்டு வழி கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் இரண்டாவது லைன் பிராட்பேண்ட் எந்த டக்ட்டில் (கேபிள் போகும் குழாயில்) வருகிறது? வேறு கம்பெனி பில் என்பதால் வேறு கேபிள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே பள்ளத்தில் இரண்டு கம்பெனியும் படுத்திருக்கும்.

பவானிக்கூடல் (ஈரோடு)

கூடாரம் அண்ணா சொன்னதோடு சேர்த்து மின்சாரம். நிறுவனம் உங்கள் ரேக்கில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். அதை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வைக்க வந்த ஆள் அருகில் இருக்கிற பிளக்கில் சொருகிவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போனால் சர்வர் ஓடும், ஸ்விட்ச் ஓடும், லைன் மட்டும் இருக்காது.

லீஸ்டு லைனில் பழகியவர்களை ஈதர்நெட் ஏமாற்றும் இடமும் இதுதான். பழைய சீரியல் லைனில் நடுவில் அறுந்தால் அலாரம் இரண்டு முனைக்கும் வரும், போர்ட் டவுன் ஆகும், ரூட்டர் உடனே அடுத்த வழிக்குப் போய்விடும். இங்கே உங்கள் போர்ட் மாட்டியிருப்பது அந்தச் சின்னப் பெட்டியில். பெருந்துறையில் கேபிள் அறுந்தாலும் திருப்பூரில் உங்கள் போர்ட் பச்சை விளக்கோடு நிற்கும். ரூட்டருக்கு லைன் போனதே தெரியாது. ஓஎஸ்பிஎஃப் தானாகக் கண்டுபிடிக்க வழக்கமான அமைப்பில் 40 நொடி. இஆர்பி செஷன் எல்லாம் விழுந்துவிடும். பிஎஃப்டி (லைன் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கும் நெறிமுறை) போடுங்கள், 300 மில்லி செகண்டுக்கு ஒரு ஹலோ, மூன்று தவறினால் மாறு என்று வைத்தால் ஒரு நொடிக்குள் அடுத்த லைனுக்குப் போய்விடும். சேவை நிறுவனத்திடம் 802.1ஏஜி, ஒய்.1731 கண்காணிப்பு முனைக்கு முனை போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால் தாமதம், இழப்பு எல்லாம் அவர்கள் திரையிலேயே தெரியும், நீங்கள் போன் போட்டு நிரூபிக்க வேண்டியிருக்காது.

கண்ணாடி இழை (கோவை)

பவானிக்கூடல் முக்கியமானதைச் சொல்லிவிட்டார். வேகத்தைப் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். இதனால் வருகிற சண்டைதான் அதிகம்.

லைன் போட்டதும் "100 வாங்கினோம், 40 தான் வருகிறது" என்று புகார் வரும். போர்ட் ஒரு ஜிகாபிட். உங்கள் ரூட்டர் அந்த வேகத்துக்குக் குபுக்கென்று தள்ளும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் போலீசர் என்ற வேகக் கட்டுப்பாடு 100க்கு மேல் போவதை, ஒரு சின்ன அளவுக்கு மேல் பொறுக்காமல் வெட்டிப்போடும். பேக்கெட் தொலைந்ததும் டிசிபி (தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) பயந்து வேகத்தைக் குறைக்கும், மறுபடி ஏற்றும், மறுபடி வெட்டு. சராசரி எங்கோ கீழே போய் நிற்கும். நிறுவனம் சோதித்தால் 100 சரியாக வரும், ஏனென்றால் அவர்கள் சோதனைக் கருவி சீராக அனுப்புகிறது. இரண்டு தரப்பும் சொல்வது உண்மையாகவே இருக்கும். வழி என்ன? உங்கள் ரூட்டரில் 95க்கு ஷேப்பிங் போடுங்கள். வெட்டுவதற்குப் பதில் வரிசையில் நிறுத்தி அனுப்பும். ரூட்டர் ஐபி அளவை மட்டும் எண்ணினால் இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 18 பைட் தலையும் வாலும் சேருகிறது, ஜி.711 போன் பேச்சு போன்ற 200 பைட் பேக்கெட்டில் அதுவே 9 சதவீதம். போன் பேச்சுக்கு முன்னுரிமையும் அந்த ஷேப்பருக்குள்ளேயே கொடுங்கள், போலீசர் எது போன், எது ஃபைல் என்று பார்த்து வெட்டாது. சிபிஎஸ் (போலீசர் பொறுக்கும் அந்தச் சின்ன அளவு) எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். லைன் ஒப்படைக்கும்போது ஒய்.1564 சோதனை அறிக்கை கேளுங்கள். பழைய ஆர்எஃப்சி 2544 அறிக்கையைவிட இந்த வேலைக்கு அது பொருத்தம்.

அடுத்தது எம்டியு, அதாவது லைன் விடும் அதிகபட்ச அளவு. உங்கள் வீலேன் டேக்கோடு ஃபிரேம் 1522 பைட், அவர்கள் டேக்கும் சேர்ந்தால் 1526. நடுவில் ஏதாவது ஒரு பழைய ஸ்விட்ச் 1518க்கு மேல் விடாது என்றால், பிங் போகும், மெயில் போகும், பெரிய ஃபைல் மட்டும் நின்றுவிடும். 1600க்கு மேல் கேளுங்கள். ஏன் அவ்வளவு என்றால், ஐபிசெக் போட்டால் அதன் தலைப்பும் உள்ளே அடங்க வேண்டும்.

கரூர் தறி (கரூர்)

ஐபிசெக் பற்றிப் பேச்சு வந்தது நல்லது. மெட்ரோ ஈதர்நெட்டில் குறியாக்கம் கிடையாது. டேக் மட்டும்தான் உங்களையும் பக்கத்துக் கம்பெனியையும் பிரிக்கிறது. எம்பிஎல்எஸ்ஸிலும் அப்படித்தான், தனி நெட்வொர்க் என்பதால் பூட்டியிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளப் பட்டியலும் பையரின் டிசைனும் போகும் லைன். பையர் தணிக்கைக்கு வரும்போது முதலில் கேட்பதும் இதைத்தான். ரூட்டரில் ஐபிசெக் 100 எம்பிபிஎஸ்ஸுக்குத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள், விளம்பரத்தில் போடும் எண் குறியாக்கம் இல்லாத எண்.

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றிங்க. முதலாளியிடம் உட்கார்ந்து பேசினேன். கோவையில் இருந்து ஒரு மார்க்கர் ஃபோல்டரை அவர் கண் முன்னால் திறந்து காட்டி, அப்புறம் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ரூட்டர் வேண்டாம் என்கிற பேச்சை விட்டுவிட்டார். நாலு இடத்துக்கும் இ-லேன், ஒவ்வொன்றிலும் எங்கள் எல்3, ஐபிசெக்குக்காகத் தனி ஃபயர்வால், ஓஎஸ்பிஎஃப், பிஎஃப்டி. தூத்துக்குடிக்குக் குறைந்த வேகத்தில் இன்டர்நெட், டன்னல். கேமராவை அங்கங்கேயே பதிவு செய்துகொண்டு தேவைப்பட்டால் மட்டும் பார்ப்பது. கரூர் அக்கா சொன்னபடி உதவிப் பையனுக்குப் பயிற்சிச் செலவும் பட்டியலில் ஏறிவிட்டது. பழைய எம்பிஎல்எஸ்ஸை உடனே வெட்டாமல் ஒரு பில் காலம் கூட ஓடட்டும் என்றும் கேட்டு வாங்கிவிட்டேன்.

கேஎம்ஜெட் ஃபைலும் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், இல்லாமல் கையெழுத்து இல்லை என்றதும் அனுப்பினார்கள். கூடாரம் அண்ணா, படம் இணைத்திருக்கிறேன். பெருந்துறைக்கு இரண்டு வழி காட்டியிருக்கிறார்கள், ஒன்று நேஷனல் ஹைவே, ஒன்று ஊத்துக்குளி பக்கம். இது போதுமா?

ஸ்ப்ளைஸ் கூடாரம் (அவினாசி)

பார்த்தேன் தம்பி. வெளி ரோட்டில் இரண்டு வழியும் உண்மையிலேயே தனித்தனியாகத்தான் போகிறது, நல்ல வேலை. ஆனால் சிப்காட் உள்ளே நுழைந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கேட்டுக்கு முன்னால் இருக்கும் சேம்பரில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, அங்கிருந்து யூனிட் வரை ஒரே டக்ட்டில் வருகிறது. அந்தத் துண்டில் லாரி ஏறி மூடி உடைந்தாலே இரண்டும் போகும்.

இரண்டாவது கேபிளைப் பின்பக்கச் சுவர் வழியாக உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். சிப்காட் ரோட்டில் தோண்ட சிப்காட் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அதனால் ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த விண்ணப்பம் யார் போடுவது, தோண்டும் செலவு யாருடையது என்று எழுதிவிடுங்கள். அனுமதி வரும் வரை ஒற்றை டக்ட்டில் ஓடட்டும். உங்கள் பிராட்பேண்ட் அந்தச் சேம்பர் வழியாக வரவில்லை என்பதை மட்டும் இந்த வாரமே மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.